வடசென்னை மன்றங்களுக்கு நலநிதி: ஏரியா பசங்களுக்கான திட்டத்துக்கு நன்கொடை பெறுவது எப்படி?

காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே மீன் ஏலம் ஆரம்பித்துவிடும். ஐஸ் பெட்டி தூக்க, கூடை இறக்க, பதினாலு பதினைந்து வயசுப் பசங்கள் அந்த இருட்டிலேயே ஹார்பரில் நிற்பார்கள். அப்படிப் போய்வரும் ஒரு பையன் சாயங்காலம் எங்கள் மன்றத்து டியூஷனுக்கு வருவான். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் கணக்கு நோட்டின் மேலேயே தலை சாய்ந்துவிடும். சட்டைக் கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருக்கும். எழுப்ப மனசு வராது. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அவன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். எங்களிடம் இருந்தது ஒரு ட்யூப்லைட், இரண்டு பெஞ்சு, பாடம் சொல்லித்தர ஒரே ஒரு காலேஜ் மாணவி. அவனைப் பிடித்து நிறுத்த அது போதவில்லை.

அந்த வருஷம்தான் நன்கொடை கேட்டு முதல்முறை வெளியே போனோம். ஒரு சேவைச் சங்கத்தில், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு இரண்டு லட்சம் வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். அவர்கள் மரியாதையாக உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்டார்கள். எத்தனை பிள்ளைகள்? உங்கள் சங்கம் பதிவு செய்ததா? போன வருஷக் கணக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. டீ குடித்துவிட்டு வந்தோம்.

வடசென்னையில் படிப்பகம், நற்பணி மன்றம், கேரம் கிளப், பாக்ஸிங் பயிற்சிக்கூடம் என்று தெருவுக்கு ஒன்று இருக்கிறது. வேலை பார்க்கும் மனசும் ஆளும் இருக்கிறது. பெரும்பாலும் இல்லாதது காகிதம். கொடுப்பதற்கென்றே பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பணத்துக்கும் நம் தெருவுக்கும் நடுவே உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்று, நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் வேலை: தேவையைப் பெயர் பெயராக எழுதுவது

விண்ணப்பத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, உங்கள் நான்கைந்து தெருவில் பத்திலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் எல்லோரையும் எழுதுங்கள். பெயர், வயது, வகுப்பு, பள்ளிக்குப் போகிறார்களா, நின்றிருந்தால் எந்த மாசம் நின்றார்கள், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் வீட்டில் ஆள் இருப்பார்கள். அந்த ஏரியாவில் எல்லோரும் அறிந்த ஓர் அக்காவைக் கூட அழைத்துப் போங்கள். அவரைப் பார்த்தால் அம்மாக்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

எங்கள் நோட்டில் "நின்ற மாசம்" என்ற கட்டத்தைப் பார்த்தபோதுதான் விஷயமே பிடிபட்டது. பாதிப் பேர் ஜூனில் நின்றிருந்தார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வரும்படி குறைந்து, கடன் ஏறி, தடை முடிந்து போட் கிளம்பத் தயாராகும் ஜூன் முதல் பதினைந்து நாளில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நோட்டு, ஷூ, பஸ் செலவு ஒரு பக்கம். கடலுக்குப் போனால் கையில் வரும் கூலி இன்னொரு பக்கம். பையன் எந்தப் பக்கம் போவான் என்பது அந்தப் பதினைந்து நாளில் முடிவாகிவிடுகிறது.

இதை எழுதிக் காட்டிய பிறகு எங்களை யாரும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி என்ற பேச்சு நன்கொடையாளர்கள் காதில் தினமும் விழுகிறது. இந்த நாலு தெருவில் இத்தனை பிள்ளைகள், இந்த மாசத்தில், இந்தக் காரணத்தால் நிற்கிறார்கள் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உங்கள் ஏரியாவில் காரணம் வேறாக இருக்கும். கொடுங்கையூரில் ஒன்று, மணலி பக்கம் ஒன்று, வேறு இடத்திலிருந்து எழில் நகருக்கோ எர்ணாவூருக்கோ குடிமாறி வந்த குடும்பங்களில் ஒன்று. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அரசு ஏற்கெனவே கொடுப்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். அரசு தருவதையே நன்கொடையாளரிடமும் கேட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு குறையும்.

இரண்டாவது: மன்றத்தைப் பதிவு செய்வது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சங்க அமைப்புக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். நம் பகுதிக்கு வடசென்னை மாவட்டப் பதிவாளர். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தொண்ணூறுகளில் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூடத் தாக்கல் செய்யாத மன்றங்கள் நம் பக்கம் நிறைய. செயல்படாத சங்கத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மன்றம் இந்த நிலையில் இருந்தால், விடுபட்ட ஆண்டுகளைச் சரிசெய்வதா, புதிதாகப் பதிவதா என்று ஓர் ஆடிட்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

துணை விதிகள் எழுதும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பயன் பெறுவோரைச் சாதி, மதம் வைத்துச் சுருக்காதீர்கள். குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று எழுதிய அமைப்புக்கு 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை, கிடைக்காது. இரண்டு, கட்சி. நம் மன்றங்களில் பல, கட்சிக் கொடிக் கம்பத்தின் கீழே பிறந்தவை. அந்த வரலாற்றை நான் மதிக்கிறேன். படிப்பகமும் பத்திரிகையும் நம் அப்பாக்களுக்கு அங்கேதான் கிடைத்தன. ஆனால் ரோட்டரி, லயன்ஸ் ஆகிய சேவைச் சங்கங்கள், கம்பெனிகள் மூன்றுமே கட்சி சார்ந்த அமைப்புக்குப் பணம் தராது. பிள்ளைகளுக்கான வேலைக்குத் தனியாக, கட்சிப் பெயர் இல்லாத ஒரு சங்கம் பதிவதுதான் நல்லது.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அடுத்து, தொண்டு அமைப்புகளுக்காக மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் தர்பன் தளத்தில் பதிவு. அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு வருமான வரித்துறைப் பதிவு. ஆடிட்டர்கள் 12ஏபி (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்குச் சலுகை) என்று சொல்வது இதைத்தான். முதலில் தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும், பிறகு அதை முறைப்படுத்த வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய படிவத்தை யாரோ ஃபார்வர்டு செய்தார்கள் என்று அதை நிரப்ப உட்காராதீர்கள்.

மூன்றாவது: கூரை யாருடையது?

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. நம் மன்றங்களில் பெரும்பாலானவை புறம்போக்கிலோ, ரயில்வே ஓரத்திலோ, முன்பு குடிசை மாற்று வாரியம் என்று இருந்து 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியத்தின் இடத்திலோ நிற்கின்றன. பட்டா இருக்காது. கரண்ட் மீட்டர் எப்போதோ இறந்துபோன ஒரு பெரியவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். எந்த நன்கொடையாளரும் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு செங்கல்லுக்குக்கூடப் பணம் தர மாட்டார். நாளைக்கு இடித்தால் அவர் பணமும் சேர்ந்து போகும்.

நாங்கள் முதலில் கேட்டது கட்டடம்தான். மாடி எடுத்து, மேலே லைப்ரரி, கீழே வகுப்பு என்று பிளான்கூடப் போட்டிருந்தோம். அதை ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்தோம். பிறகு ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, நகர்த்த முடியாததைக் கேக்காதீங்க. தூக்கிட்டுப் போற மாதிரி இருக்குறதைக் கேளுங்க." அன்றைக்கு மாடியை விட்டோம். மடக்கு மேசை, பெஞ்சு, ஒயிட்போர்டு, சீலிங் ஃபேன், புத்தக அலமாரி, இன்வெர்ட்டர், பாக்ஸிங் கிளவுஸ், கேரம் போர்டு. மன்றம் இடம் மாறினாலும் இவை கூடவே வரும். சம்பளம், சாயங்காலச் சிற்றுண்டி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கும் பட்டா தேவையில்லை.

இடமே சிக்கலாக இருந்தால் மாநகராட்சிப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளி முடிந்த பிறகு இரண்டு வகுப்பறை தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அனுமதி மேலிடத்திலிருந்து வர வேண்டியிருக்கும், நாளாகும். ஆனால் கிடைத்தால் விளக்கு, கழிவறை, சுற்றுச்சுவர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். வாடகை வீடு என்றால் பதினொரு மாச ஒப்பந்தமாவது சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

நான்காவது: யாரிடம் போவது?

ரோட்டரி, லயன்ஸ் இரண்டும் நமக்கு மிக அருகில் இருப்பவை. சென்னையில் ரோட்டரி 1929 முதல் இருக்கிறது. ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் விசாரித்தால் ஏதாவதொரு கிளப்பின் உறுப்பினராக ஒரு டாக்டரோ, ஹார்டுவேர் கடைக்காரரோ, ஸ்கூல் தாளாளரோ இருப்பார். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ரோட்டரி அறக்கட்டளையின் நிதிக்கு நாம் நேராக விண்ணப்பிக்க முடியாது, கிளப்தான் விண்ணப்பிக்கும். நாம் அந்தத் திட்டத்தைத் தரையில் நடத்தும் கூட்டாளி. மாவட்ட நிதி (ரோட்டரி தனக்கென வகுத்த மாவட்டம்), உலக நிதி என்று அதில் இரண்டு வகை. உலக நிதிக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுக் கிளப் ஒன்றும் சேர வேண்டும். ஒரு தெரு மன்றத்துக்கு அது பெரிது. மாவட்ட நிதிதான் நம் அளவுக்குப் பொருந்தும். ஏற்கெனவே நடந்து முடிந்த செலவுக்கோ, பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கோ அங்கே பணம் கிடையாது. "செலவு பண்ணிட்டோம், திருப்பிக் கொடுங்க" என்பது நடக்காது. லயன்ஸ் சங்கத்துக்கும் 1968இல் தொடங்கிய சர்வதேச அறக்கட்டளை உண்டு. அங்கேயும் சங்கம்தான் கேட்கும், நாம் கூட நிற்போம்.

இரண்டிலும் ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. புதுத் தலைவர் வருவார், அவருக்கென்று சொந்தமாக ஒரு திட்டம் வேண்டும் என்று ஆசைப்படுவார். அதனால் ஏப்ரல், மே மாதங்களில், அடுத்து வரப்போகும் தலைவரைப் போய்ப் பாருங்கள். பதவி முடியப்போகிறவரிடம் நேரமும் இருக்காது, பணமும் தீர்ந்திருக்கும்.

லாட்ஜ் என்றதும் சென்ட்ரல் எதிரே அறை வாடகைக்கு விடும் கட்டடம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதரச் சங்கத்தினர் தங்கள் கிளை ஒவ்வொன்றையும் அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள். எழும்பூர் எதிராஜ் சாலையில் அவர்களுடைய பழைய ஹால் இருக்கிறது. இந்தியாவுக்கான தனிப் பெருங்கிளை 1961இல் ஏற்பட்டது. உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டும் தொகையிலிருந்து கல்வி, மருத்துவ உதவிகள் செய்கிறார்கள். வெளிநாடுகளில் மேசன் அறக்கட்டளைகள் பல, ஒரு லாட்ஜ் உள்ளூரில் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தாங்களும் போடும் முறையை வைத்திருக்கின்றன. இங்கே ஒரு லாட்ஜை அணுக, உறுப்பினர் ஒருவரைத் தெரிந்திருப்பதே வழி. தேவையை ஒரே பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். அந்த ஈடு போடும் யோசனையை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்தது கம்பெனிகள். வடசென்னைக்கு உள்ள பெரிய வாய்ப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்பது இதைத்தான். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. எண்ணூரில் லாரி தொழிற்சாலை, காமராஜர் துறைமுகம். திருவொற்றியூரில் டயர், மோட்டார் சைக்கிள். புகையும் லாரியும் நம் தெரு வழியாகத்தான் போகின்றன. "நாங்கள் உங்கள் பகுதி" என்று தலை நிமிர்ந்து சொல்லும் உரிமை நமக்கு உண்டு. எந்தக் கம்பெனி எதற்கு எவ்வளவு செலவிட்டது என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் யாரும் பார்க்கலாம். போவதற்கு முன் பார்த்துவிட்டுப் போங்கள்.

நம்மிடமிருந்து அவர்கள் எதிர்பார்ப்பது மூன்று: வருமான வரித்துறையின் இரண்டு பதிவுகள், சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் கிடைக்கும் பதிவு எண், இதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம். புதுச் சங்கம் என்றால் இந்த மூன்றாவது இடிக்கும். அதுவரை, தகுதியுள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தின் கீழ் களப்பணியாளராக வேலை செய்து அனுபவத்தைச் சேருங்கள். படிப்பு, தொழில் பயிற்சி, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி எல்லாம் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன. பாக்ஸிங்கும் கால்பந்தும் ஒலிம்பிக் விளையாட்டுகள், ஆகவே ராயபுரம் பாக்ஸிங் கூடமும் வியாசர்பாடி கால்பந்துக் குழுவும் தயங்காமல் கேட்கலாம். ஒருநாள் விழா, மாரத்தான், பரிசளிப்பு இவற்றுக்கு அந்தப் பணம் வராது.

விளையாட்டு என்றால் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் காசிமாவைப் பற்றிச் சொல்லுங்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அதற்கு முன் 2008இல் வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றார். இரண்டு பேருமே நம் தெருக்களில் போர்டைத் தட்டிப் பழகியவர்கள்.

அரசுப் பணம் வேறு வகை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20 முதல் ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. அவை பொதுச் சொத்து உருவாக்கத்துக்கானவை, மாச சம்பளத்துக்கு வராது. மாநகராட்சி இடத்தில் விளையாட்டுத் திடலோ படிப்பகமோ வேண்டுமென்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று இருந்தால் மிச்சத்தை அரசு போடும். தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று உங்கள் மண்டல அலுவலகத்தில் கேட்க வேண்டும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி மதிப்பில் தொடங்கப்பட்டது, அதில் உங்கள் வார்டுக்கு என்ன வருகிறது என்பதையும் கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அவர் அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவு உள்ள வேறு அமைப்பு வாங்கி நமக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. நல்லெண்ணத்தில் வாங்கினாலும் குற்றம் குற்றம்தான்.

ஐந்தாவது: விண்ணப்பம், முக்கியமாக பட்ஜெட்

நான்கு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். யார், எங்கே, என்ன பிரச்சினை, நாங்கள் என்ன செய்வோம், யார் செய்வார்கள், எவ்வளவு ஆகும், வேலை நடந்ததா என்று எப்படித் தெரியும். இந்த வரிசை போதும். பட்ஜெட்டை மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து போடுங்கள், பெரும்பாலும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

முப்பது பிள்ளைகள், பத்து மாதம், வாரநாள் மாலை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பாடம் சொல்லித்தரும் இரண்டு பேருக்கு மாதம் 6,000 வீதம் 1,20,000. சுண்டல், வாழைப்பழம், பால் என்று ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 15 ரூபாய், மாதம் 22 நாள், 99,000. மேசை, பெஞ்சு, போர்டு 40,000. நோட்டுப் புத்தகம், தனித்தேர்வர் கட்டணம் 20,000. கரண்ட், இன்டர்நெட் மாதம் 1,500 வீதம் 15,000. ஆடிட் 6,000. மொத்தம் 3,00,000. ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். அந்தக் கடைசி எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சுண்டலைக் குறைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். குறைக்காதீர்கள். பள்ளியில் மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு ஆறு மணிக்குப் பசிக்கும், பசித்த பிள்ளை அல்ஜீப்ரா கேட்காது. எங்களுக்கு வருகை கூடியது சுண்டல் போட ஆரம்பித்த வாரத்திலிருந்துதான்.

இப்போது மேசன்கள் ஈடு போடும் முறையைச் சொன்னேனே, அதை இங்கே பயன்படுத்துங்கள். மூன்று லட்சத்தையும் கேட்காதீர்கள். சிற்றுண்டியும் கரண்டும் சேர்ந்த 1,14,000 எங்கள் பொறுப்பு, மீதி 1,86,000 உங்களிடம் கேட்கிறோம் என்று எழுதுங்கள். உறுப்பினர் சந்தா, மார்க்கெட் கடைக்காரர்கள், போட் ஓனர்கள், கல்யாண நாளுக்கு ஒரு நாள் சுண்டல் செலவை ஏற்கும் வீடுகள் என்று அதைத் திரட்டலாம். ஏரியா மக்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுகிறார்கள் என்றால், அது எத்தனை பக்கச் சிபாரிசுக் கடிதத்தைவிடவும் பெரியது.

விலை எல்லாவற்றுக்கும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். விளையாட்டுச் சாமானுக்கு நேரு ஸ்டேடியம், பெரியமேடு பக்கம் போங்கள். கடைப்பெயர், தேதி, ஜிஎஸ்டி எண், சீல் நான்கும் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது செல்லாது.

பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

நல்ல மனசோடு செய்கிற தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. வீட்டில் சண்டை, பையன் மன்றத்திலேயே படுத்துக்கொள்ளட்டும் என்று விடுவோம். அப்படி ஒருவர் இருவர் சேர்ந்து அது விடுதி மாதிரி ஆகிவிடும். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இடமும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனைக்குரிய குற்றம். இரவு தங்க இடம் தேவைப்படும் பிள்ளை வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், குழந்தைகள் நலக் குழு வழியாகப் போங்கள்.

பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால், நமக்குள் பேசித் தீர்ப்பது என்பது கிடையாது. போக்சோ சட்டம், 2012இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பதே குற்றம். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். பாக்ஸிங் கூடத்திலும் இதே விதி. இந்த விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாகிகள் கையெழுத்திட்டு, விண்ணப்பத்தோடு இணையுங்கள். இப்போது பல நன்கொடையாளர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

போட்டோ. நன்கொடையாளர் பேனருக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் நோட்டைக் கொடுத்துப் படமெடுப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் கேலிக்கு ஆளாகும். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகள், வழக்கில் சிக்கிய பிள்ளைகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். நாங்கள் பின்னால் நின்று, பிள்ளைகள் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிறோம். முகம் தெரியாது, முப்பது முதுகு தெரியும். காரணம் சொன்னால் கொடுப்பவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பணம் வந்த பிறகு

பணம் கணக்கில் ஏறிய அன்றே மினிட் புத்தகத்தில் தீர்மானம் எழுதி ரசீது அனுப்புங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி லெட்ஜர். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வருமான வரிக் கணக்கில் அது சங்கத்தின் செலவாக ஏற்கப்படாது. அதேபோல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை தருகிறவருக்கு 80ஜி சலுகை கிடையாது, ஆகவே யுபிஐ அல்லது செக்கில் வாங்குங்கள். நன்கொடை விவரப் படிவத்தை மே 31க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்தால்தான் கொடுத்தவருக்குச் சான்றிதழ் போகும். இதைத் தவறவிட்டு ஒரு நல்ல நன்கொடையாளரை நாங்கள் இழந்திருக்கிறோம்.

வாழைப்பழத்துக்கு பில் கிடைக்காது. அதற்கு அச்சடித்த வவுச்சர் வைத்து, வண்டிக்கார அக்காவிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்கிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண் கொடுத்து, அதே எண்ணைப் பொருளின் அடியில் பெயின்டில் எழுதுங்கள். ஆய்வுக்கு வந்த ஓர் அம்மா எங்கள் பெஞ்சைக் கவிழ்த்து அந்த எண்ணைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்கவில்லை.

செலவு முடிந்ததும் ஆடிட்டர் கையெழுத்தோடு பயன்பாட்டுச் சான்றிதழ், கூடவே இரண்டு பக்க அறிக்கை. அதில் தோல்வியையும் எழுதுங்கள். முப்பதில் இருபத்துமூன்று பேர் கடைசிவரை வந்தார்கள், ஏழு பேர் நின்றார்கள், காரணம் இது என்று எழுதினோம். அந்த ஏழு பேருக்கு அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று நன்கொடை கொடுத்தவர்களே கேட்டார்கள். மிச்சப் பணம் இருந்தால் எழுத்தில் கேட்காமல் வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் நன்றிக் கடிதம் அனுப்பி, காரணத்தைக் கேளுங்கள். மூன்றில் ஒருவராவது சொல்வார்கள்.

ஆண்டு ஓட்டத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். பொங்கல் முடிந்ததும் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மார்ச்சில் கணக்கை முடித்து ஆடிட்டரிடம் கொடுப்பது. ஏப்ரல், மே மாதங்களில் வரப்போகும் கிளப் தலைவர்களைச் சந்திப்பது. ஜூலை முதல் செப்டம்பருக்குள் கம்பெனிகளிடம் விண்ணப்பம், டிசம்பருக்கு மேல் போனால் அந்த ஆண்டு ஒதுக்கீடு பேசி முடிந்திருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரத்தில் மட்டும் எந்த மீட்டிங்கும் வைக்காதீர்கள். தடைக்காலம் முடியப்போகிறது என்று போட்டுகள் கடலுக்குத் தயாராகும் நாள்கள் அவை. வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, போன வருஷம் வந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்கள் அந்தச் சாயங்காலங்களில்தான் போகிறோம்.